என் பிளைண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

1. தோல் வட்டுகள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டுத் தலைவராக நான் சேர்ந்த முதல் வாரமே ஞாயிறு டியூட்டி என் தலையில் விழுந்தது. கன்டெய்னரில் சரக்கு ஏற்றும் ஞாயிறுகளில் அதிகாரிகளில் ஒருவர் வந்தாக வேண்டும். அது யார் என்பதைச் சனிக்கிழமை மதியம் கெஸ்ட் ஹவுஸ் சீட்டு மேசை முடிவு செய்தது. அதிகம் தோற்றவருக்கு டியூட்டி.

ஆட்டம் லிமிட் போக்கர்: ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து; சேர்த்துப் பார்த்து ஜோடியோ பெரிய சீட்டோ உள்ளவர் வெல்வார். எப்போதோ வந்து தங்கிய வெளிநாட்டு டெக்னீஷியன் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனது. கட்டிங் பிரிவின் கரீம் பாய் கழிவுத் தோலை, தோல் வெட்டும் கிளிக்கிங் மெஷினில் வைத்து வட்டுகள் அடித்துத் தந்திருந்தார். வட்டு ஒரு ரூபாய். தீர்ந்தால் மறுபடி வாங்கலாம். சீட்டைப் பார்க்கும் முன்பே, முறைவைத்து ஒருவர் ஒரு வட்டும் அவருக்கு அடுத்தவர் இரண்டும் வைக்க வேண்டும். அதுதான் பிளைண்ட். ஏற்றுவதென்றால் முதலில் இரண்டிரண்டாக, கடைசி இரு சுற்றுகளில் நான்கு நான்காக. அந்த வரம்பைத் தாண்ட முடியாது.

நால்வர் ஆடினோம். புரொடக்‌ஷன் மேலாளர் பாஸ்கர் சார், அக்கவுண்ட்ஸ் வெங்கடேசன், நான், கரீம் பாய் என்று உட்கார்ந்திருந்ததால், நான் இரண்டு வட்டு வைக்கும்போதெல்லாம் சீட்டு போடும் சாதகமான இடம் பாஸ்கர் சாருடையது. அவர் கையில் என்ன வந்தாலும் ஏற்றினார். நான் என் சீட்டைக் கவிழ்த்து ஃபோல்ட் செய்தேன்; வைத்த இரண்டும் போயிற்று.

“இன்னா மேடம், இதுவும் ரிஜெக்டா? லெதரத்தான் ரிஜெக்ட் பண்றீங்கன்னா சீட்டையுமா?”

“சார், அவங்க பிளைண்டுல நீங்க குடித்தனமே நடத்துறீங்க” என்றார் வெங்கடேசன்.

2. கட்டிங் ஹால்

தரம் பார்ப்பவளின் பழக்கம் அது. கீறல் கண்டால் ஒதுக்குவது. இரண்டு சீட்டில் ஒன்று மட்டமென்றால் என் கை தானாகவே அதைத் தள்ளிவிடும்.

இப்படிப் பல வாரம் தோற்ற பிறகு, ஒரு வாரம் என் மகள் ஜெசி வீட்டில் இருந்தாள். திங்கட்கிழமை வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறுகிறாள். எங்களுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு ஞாயிறு.

“கேட்டா விட்ருவாங்கல்லம்மா?”

“விட்ருவாங்க. அதனாலதான் கேக்கல.”

லேடீஸ் என்று ஒருமுறை சலுகை வாங்கினால், அடுத்து நான் நிறுத்திவைக்கும் ஒவ்வொரு சரக்கு லாட்டுக்கும் அதையே நினைவூட்டுவார்கள்.

சனிக்கிழமை காலை கட்டிங் ஹாலைக் கடந்தபோது ஒரு தோலைப் பார்த்து நின்றேன். வயிற்றுப் பக்கம் முழுக்கத் தளர்ச்சி; நடுவில் உண்ணிக் கடித் தழும்பு. என் மேசைக்கு ஷூவாக வந்திருந்தால் திருப்பியிருப்பேன். கட்டர் அதைத் திருப்பவில்லை. தழும்பை விலக்கி, வெட்டும் அச்சான டையை வைத்தார். மட்டமான இடத்தில் வெளியே தெரியாத துண்டுகளை வெட்டினார். வாங்கிய தோலில் குறை உண்டா என்பது அங்கே கேள்வியே இல்லை. இன்னும் எவ்வளவு கிடைக்கும் என்பதே கேள்வி. நான் இத்தனை வாரமும் ரிஜெக்ட் செய்யும் என் மேசையிலிருந்தே, தவறாகச் சீட்டாடியிருக்கிறேன்.

கணக்கும் எளிது. பாஸ்கர் சார் நான்கு வைக்கிறார். வெங்கடேசனின் ஒன்றும் என் இரண்டும் ஏற்கெனவே மேசையில். ஏழு வட்டுக்காக நான் சேர்க்க வேண்டியது இரண்டு. ஒன்பது முறையில் இரண்டு முறை வென்றாலே நட்டமில்லை. நல்ல சீட்டுக்கு மட்டுமே ஏற்றும் கரீம் பாயிடம் இந்தக் கணக்கு செல்லாது. எதைக் கண்டாலும் ஏற்றுபவரிடம் தாராளமாகச் செல்லும்.

3. டீ வருவதற்கு முன்

நான்கு மணி டீ வந்தால் ஆட்டம் முடியும். கடைசி ஆட்டம்; இரண்டு வட்டு பிளைண்ட் என்னுடையது. பாஸ்கர் சாரும் நானும்தான் அதிகம் தோற்றிருந்தோம். இதை இழப்பவருக்கு ஞாயிறு.

என்னிடம் ஒன்பதும் ஏழும். அவர் ஏற்றினார். நான் மேலும் இரண்டு வைத்தேன்.

“அட! மேடம் வர்றாங்கப்பா!”

மேசையில் ராஜா, ஏழு, மூன்று. எனக்கு ஏழில் ஒரு ஜோடி. அவர் இரண்டு வைத்தார், நானும் வைத்தேன். நான்காவது சீட்டு ஜாக்கி. அவர் நான்கு, நானும் நான்கு. கடைசியில் ஒரு ரெண்டு விழுந்தது.

“இன்னும் நாலு மேடம். ராஜாவப் பாத்தீங்கல்ல? பேஜாராப் போய்டும், விட்டுடுங்க.”

ராஜா இருக்கலாம். ஆனால் எதற்கும் ஏற்றுபவரிடம் அது ஒவ்வொரு முறையும் இருக்காது. மேசையில் இருபத்தைந்து, நான் வைக்க வேண்டியது நான்கு. ஜெசியை நினைக்காமல் அதை மட்டும் நினைத்து, நான்கு வட்டுகளை நகர்த்தினேன்.

அவர் காட்டியது ஆசும் ஆறும். ஜோடிகூட இல்லை.

“பாஸ்கர் சாப், லாட் பாஸ் ஆவல” என்றார் கரீம் பாய்.

இளம் அதிகாரிகளுக்கு நான் சொல்வது இதுதான். பிளைண்டில் வைத்த வட்டு உங்களுடையது அல்ல. அதை மீட்பதற்காக ஆடாதீர்கள். எதிரில் இருப்பது எவ்வளவு, கேட்கப்படுவது எவ்வளவு, கேட்பவர் யார் என்று பாருங்கள். பிறகு தயங்காமல் வையுங்கள்.

ஞாயிறு காலை, ஜெசிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. என் கையில் மூன்று இழைகளும் இருந்ததால் அவளே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“மேடம், பாஸ்கர் பேசறேன். ஒரு கார்ட்டன் நனைஞ்சிருக்கு. ஏத்திடட்டுமா?”

“ரிஜெக்ட் சார்.”

“இதுக்கு மட்டும் கரெக்டா ஃபோல்ட் பண்றீங்க!”

ஜெசி சிரித்ததில் பின்னல் அவிழ்ந்தது. அவசரமில்லை; நான் மறுபடி முதலிலிருந்து பின்னினேன்.