பிடிபடாத ட்ரவுட்

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கலியாணப் பேச்சு எடுத்தால் கழுவுற மீனில் நழுவுற மீன். முப்பத்தாறு வயது வரை விதம்விதமாக நழுவியவர், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார். ரொறன்ரோப் பெண் ஒருவரின் படம் அம்மாவின் போனுக்கு வந்திருந்தது. "முதல் ஒரு ட்ரவுட் பிடிக்கிறன் அக்கா, பேந்து பொம்பிளை பாப்பம்" என்று மாமா சொல்லிவிட்டார். இரண்டு வருடமாகத் தூண்டிலோடு போய் வெறுங்கையோடு வருகிறவர் என்ற துணிவு அவருக்கு. அம்மாவோ அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டு, மீன் பிடிபட வேண்டுமென்று பிள்ளையாருக்கு நேர்த்தியும் வைத்தார். மீனுக்காகப் பிள்ளையாரிடம் போனவர் மொன்றியலில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மே மாதம் ஏரிகளில் பனிக்கட்டி கரைந்ததும் அம்மா என்னையும் கூட அனுப்பினார். துணைக்கு என்று பெயர், உண்மையில் சாட்சிக்கு. மாமாவோடு வேலை செய்யும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் காரோடு வந்து அஹுன்ட்சிக்கில் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். மாமாவுக்கு மீன்பிடியைப் பழக்கியவர் அவர்தான். நான் படியில் இறங்கிக்கொண்டே, "எங்கை போறம் மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

வெளிக்கிடும்போது எங்கே என்று கேட்பது எங்கள் வீட்டில் சின்னக் குற்றமல்ல. அம்மா எல்லோரையும் திருப்பி உள்ளே கூப்பிட்டு, இருத்தி, தண்ணீர் கொடுத்தார். காரில் இருந்த பிரெஞ்சுக்காரரும் தப்பவில்லை. அவர் யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றி, சோபாவில் மாமாவுக்குப் பக்கத்தில் இருந்து, தீர்த்தம் வாங்குகிறவர் போலப் பவ்வியமாகக் குடித்தார். அம்மாவுக்கு அவரை நல்ல விருப்பம்.

வடக்கே இரண்டு மணி நேர ஓட்டம். ஏரியில் குளிர் எலும்புவரை போனது. தூண்டில் முள்ளில் இறகும் வெள்ளி நூலும் கட்டிய ஸ்ட்ரீமர் என்ற பொய்மீனை மாமா நீரில் விட்டு, நூலை நீளமாக ஓடவிட்டார். எறிவது, இழுப்பது ஒன்றுமில்லை. பிரெஞ்சுக்காரர் மெல்ல மெல்லத் துடுப்புப் போட, படகுக்குப் பின்னால் அது குட்டிமீன் போல நீந்தி வந்தது. இருவரும் அதிகம் கதைக்கவில்லை. கதைக்காமல் இருப்பது அவர்களுக்கு அலுக்கவும் இல்லை. எனக்குத்தான் அலுத்தது. நான் கேட்ட கேள்வியால் மீன் வராமல் போய்விடுமோ என்ற பயம் வேறு.

மத்தியானத்துக்குச் சற்று முன் தூண்டில் தடி வளைந்தது. மாமா பதறிப்போய் நூலைச் சுற்றினார். சிவப்புப் புள்ளிகளோடு ஒரு ட்ரவுட் படகோரம் வரை வந்து, கைவலைக்கு எட்டும் தூரத்தில் புரண்டது. வலை பிரெஞ்சுக்காரரின் காலடியிலேயே கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை, மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா தடியைத் தாழ்த்தி நூலைத் தளரவிட்டார். மீன் ஒரு கணம் அப்படியே நின்றது, பிறகு இல்லை.

நான் அழத் தொடங்கினேன். மாமா என் பக்கம் திரும்பி, "அம்மாட்டைச் சொல்லப்போறியே?" என்று கேட்டார். அவருடைய குரல் நடுங்கியது. குளிரில் என்று நினைத்தேன்.

"என்னத்தைச் சொல்லுறது? மீன் பிடிபடேல்லைத்தானே."

"ஓம் குஞ்சு. அப்பிடியே சொல்லு."

அப்படியே சொன்னேன். போகிற நேரத்தில் எங்கே என்று கேட்டால் இப்படித்தான் ஆகும் என்று அம்மா ஒரு கிழமை என்னைத் திட்டினார். ரொறன்ரோப் பெண்ணுக்கு அந்த ஆவணியிலேயே வேறு இடத்தில் கலியாணம் முடிந்தது. என் வாயால்தான் மாமா தனிமரமானார் என்று நான் வருடக்கணக்காக நெஞ்சுக்குள் வைத்து வருந்தியிருக்கிறேன்.

மாமாவும் அந்தப் பிரெஞ்சுக்காரரும் இப்போது ரொக்ஸ்பரோவில் ஒன்றாகக் குடும்பம் நடத்துகிறார்கள். அம்மாவுக்கு அதை ஏற்றுக்கொள்ள ஆறு வருடம் எடுத்தது. எனக்கு விளங்கியதும் அப்போதுதான். அன்று திரும்பி வரும் வழியெல்லாம் நான் பின்சீட்டில் விம்மிக்கொண்டு வந்தேன். முன்னால் இருந்த இருவரும் தாங்கள் பிடித்த ஒரே மீனைத் தவறவிட்டுவிட்டு, ஏன் அப்படிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள் என்பதுதான் அப்போது எனக்குப் பிடிபடவே இல்லை.