பதில் ஸலாம் வரும்வரை

எண்பதுகளில் ஒரு பங்குனி வாரம் கிழக்கிலங்கையில், கல்முனையில் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கட்டட வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்ற ஓவசியர், நெடிய மனிதர். வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், தான் கட்டிய சுவரை உள்ளங்கையால் தட்டிவிட்டுப் போவார்.

வெள்ளிக்கிழமை மகளுக்கு நிக்காஹ். ஊர் வழக்கப்படி வீடு மகளின் சீதனமானது. அவரும் மனைவியும் பின்வளவில் சமையலுக்கென்று இருந்த குசினிக்குக் குடிமாறினார்கள்.

மறுநாள் காலை, மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்க வந்தவர், திறந்திருந்த வாசலில் ஸலாம் சொல்லிவிட்டு நின்றார்.

"நீங்கள் கட்டின வீடுதானே, போய் எடுங்களேன்" என்றேன்.

"ஓம் தம்பி, கட்டினது நான்தான். இப்ப இது மகள்ட வீடு."

குசினியிலிருந்து மனைவி சிரித்தார். "மாப்பிள்ளையா வந்த அன்டைக்கும் இந்த மனிசன் எங்கட வாப்பா வீட்டு வாசல்ல இப்பிடித்தான் நின்டவரு."

உள்ளிருந்து மகளின் பதில் ஸலாம் கேட்டது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கை சுவரைத் தொடவில்லை.

பதவி துறந்தவர்கள் பலரைப் பற்றிச் செய்தி எழுதியிருக்கிறேன். இவ்வளவு முழுதாகக் கொடுத்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.