பயப்படாமல் ரீசெட் செய்யுங்கள்

பிழையான தகவலைக் கண்டால் எனக்குக் கை சும்மா இராது. மென்பொருள் நிறுவனமொன்றில் மற்றவர்கள் எழுதுகிற செயலிகளில் பிழை பிடிப்பதுதான் பதினான்கு வருடமாக என் தொழில். வேலை முடிந்து வெள்ளவத்தைக்கு வந்து, சாரத்துக்கு மாறி, தேநீரோடு உட்கார்ந்த பிறகும் அதே வேலையைச் சம்பளமில்லாமல் தொடர்வேன். போன், கணினி பற்றிய சந்தேகங்களைத் தமிழில் கேட்கிற இணையக் குழு ஒன்று இருக்கிறது. செயலிகளை அடிக்கடி மூடிவிட்டால் பற்றரி மிச்சம் என்பார் ஒருவர். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் அது நம்பகமான தளம் என்பார் இன்னொருவர். "இது தவறான கருத்து" என்று தொடங்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட்டு எழுதி அவர்கள் வாயை அடைப்பேன். பிறகு எத்தனை லைக் விழுந்திருக்கிறது என்று பார்ப்பேன். மனைவி இதற்குப் "பின்னேரப் பிரசங்கம்" என்று பெயர் வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிறு காலை, ரோசாப்பூவை முகப்புப் படமாக வைத்திருந்த ஒரு பெண் அந்தக் குழுவில் கேட்டிருந்தாள். போன் அடிக்கடி ஸ்டக் ஆகிறது, ரீசெட் செய்யச் சொல்கிறார்கள், செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடுமா என்று. கீழே பத்துப் பதினைந்து பேர் "எல்லாம் போயிடும், தொடாதீங்க" என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் காலத்திலும் இப்படியா?

"இது தவறான கருத்து," என்று எழுதினேன். "உங்கள் படங்களும் மெசேஜ்களும் உங்கள் மின்னஞ்சல் கணக்கில் பேக்கப் ஆகியிருக்கும். ரீசெட் செய்தபின் அதே கணக்கைக் கொடுத்தால் எல்லாம் திரும்பி வரும். பயப்படாமல் ரீசெட் செய்யுங்கள்."

அன்று நல்ல லைக். அந்தப் பெண்ணும் "நன்றி அண்ணா" என்று எழுதினாள். நான் மீன் வாங்கப் போனேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து தனியாக ஒரு மெசேஜ் வந்தது. "அண்ணா, ரீசெட் செய்தனான். இப்ப ஏதோ கணக்கு கேக்குது. எனக்கு அது தெரியாது. போன் வாங்கேக்க கடைக்காரர்தான் போட்டுத் தந்தவர்."

சாப்பாட்டை மூடி வைத்தேன். எங்கள் ஆட்கள் போன் வாங்குகிற விதம் எனக்குத் தெரியாததா? கடைக்காரரே பெட்டியைத் திறப்பார், கண்ணாடி ஒட்டுவார், கவர் போடுவார், தானே ஒரு மின்னஞ்சல் கணக்கையும் போட்டு, கதைக்கத் தயாராக்கிக் கையில் தருவார். வாங்கியவருக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. என் அம்மாவின் போனும் அப்படித்தான் வீட்டுக்கு வந்தது. பிழை பிடிக்கிறவன் என்று நெஞ்சை நிமிர்த்துகிற நான், கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்கவில்லை. அந்தக் கணக்கு யாருடையது?

உள்ளே முக்கியமாக ஏதும் இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

அவள் கொட்டாஞ்சேனை. பதிவுத் திருமணம் முடிந்து இரண்டு வருடம். கணவன் கனடாவில். அவளை அங்கே கூப்பிடும் ஸ்பொன்சர் பைல் விசா அலுவலகத்தில் கிடக்கிறது. இந்தக் கல்யாணம் உண்மையானதுதானா, மேலும் ஆதாரம் தா என்று விசா அலுவலகம் கேட்டிருக்கிறது. இரண்டு வருடமாக இருவரும் எழுதிக்கொண்ட மெசேஜ்கள்தான் அந்த ஆதாரம். கொடுக்க மூன்று வாரம்தான் இருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகப் படம் பிடிக்கப் போக, போன் ஸ்டக் ஆகியிருக்கிறது. அதனால்தான் குழுவில் கேட்டிருக்கிறாள்.

"அவருடைய போனில் இருக்குமே?" என்று எழுதினேன்.

"அவர் வாசிச்ச உடன அழிச்சிடுவார் அண்ணா. ஒரு அறையில அஞ்சு பேர். ஆராவது எடுத்துப் பாப்பினம் எண்டு வெக்கம்."

அந்த நேரம் எனக்கு வந்த எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழுவில் நான் என் சொந்தப் பெயரில் இல்லை. எழுதியதை அழித்துவிட்டு அவளையும் தடுத்துவிட்டால் என்னை யாருக்குத் தெரியும்? விரல் அந்தப் பொத்தானுக்கு மேலே வரைக்கும் போனது. நல்லவன் என்பதால் நான் நிறுத்தவில்லை. எழுதியதை யாராவது முன்பே படம் பிடித்து வைத்திருப்பார்கள், குழுவில் போட்டு நாறடிப்பார்கள் என்று பயந்துதான் நிறுத்தினேன்.

சனிக்கிழமை, அவள் போன் வாங்கிய கடையில் சந்திப்பதாகச் சொல்லி, கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பஸ்ஸில் புறக்கோட்டை வரைக்கும், அவளுக்கு அண்ணன்மார் எத்தனை பேர் இருப்பார்கள் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். கடைவாசலில் அவளும் அவளுடைய அம்மாவும் மட்டும் நின்றார்கள். அம்மா என்னைக் கண்டதும் குடையை மடக்கிவிட்டு, "வெயிலுக்குள்ள வந்தீங்கள் தம்பி, சோடா ஏதும் குடிக்கிறீங்களா?" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

கடைக்காரர் மறைக்கவில்லை. ஒரு பழைய கொப்பியை எடுத்துப் புரட்டினார். "ஓம் தங்கச்சி, அந்த நேரம் வந்த எல்லாருக்கும் இந்த ஒரு எக்கவுண்ட்தான் போட்டனாங்க. மெயில் அட்ரஸ் கேட்டா ஆருக்கும் தெரியாதே. பின்ன என்ன செய்யிற?"

அந்தக் கணக்கை அவர் கணினியில் திறந்தார். திரை நிறையப் படங்கள். பாடசாலைச் சீருடையில் யாரோ பிள்ளைகள், அடையாள அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், தையல் போட்ட ஒரு கால், ஒரு செத்தவீடு. நடுவில் இவளுடைய படங்களும் வந்தன. கணவனுக்கென்று வீட்டில் உடுத்திக்கொண்டு எடுத்தவை. கடைக்காரர் முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஒருக்கா ஆரோ பிள்ளையின்ட பேர்த்டே படம் என்ர போனுக்க வந்தது," என்றாள் அவள். "போன் பழுது எண்டு நினைச்சனான். அப்ப என்ர படமும் அவையின்ட போனுகளுக்க வந்திருக்குமா அண்ணா?"

அவளுக்காகவும் பயமாக இருந்தது, அவளைப் பார்க்கவும் பயமாக இருந்தது. முதலில் மெசேஜ்களை எடுப்போம் என்று மட்டும் சொன்னேன்.

கணக்கைக் கொடுத்ததும் போன் பழையவற்றை மெல்ல மெல்ல இறக்கியது. அம்மா கழுத்தில் கிடந்த செபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணத்துக்கு முந்திய மெசேஜ்கள் வந்தன, கல்யாண நாள் வந்தது, அதற்குப் பிறகும் பத்து மாதம் வரைக்கும் வந்தன. அத்தோடு நின்றுவிட்டது. அத்தனை பேரின் படங்களும் சேர்ந்து கணக்கு நிரம்பி, பதினான்கு மாதங்களுக்கு முன்பே பேக்கப் நின்றுபோயிருந்தது. எச்சரிக்கைகள் வந்துதான் இருந்தன. யாரும் திறந்து பார்க்காத மின்னஞ்சல் பெட்டியில் அவை வரிசையாகக் கிடந்தன.

"பாதி வந்திட்டுத்தானே தம்பி?" என்றார் அம்மா. "பைலுக்குப் பாதி காணும்தானே?"

மிச்ச மெசேஜ்கள் எங்கேயும் இல்லை. அதை என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

அவளுடைய விசாப் பைலை நிரப்பிக் கொடுக்கிற ஏஜென்ட், மெசேஜ்கள் எப்படி அழிந்தன என்று கணினி தெரிந்த ஒருவரிடம் கடிதம் வாங்கச் சொல்லியிருக்கிறார். அவள் கேட்டதும் சரி என்றேன். அதையாவது செய்யலாம் என்று கொஞ்சம் மூச்சு வந்தது. இரண்டு நாள் செலவழித்து ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். பிழையென்று ஒருவரும் விரல் வைக்க முடியாத கடிதம்.

அதை வாங்க அவள் வெள்ளவத்தைக்கு வந்தாள். காலி வீதியில் ஒரு சைவக் கடையில் உட்கார்ந்தோம். தேநீர் ஆறிக்கொண்டிருக்க, வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தாள். முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து வாசித்தாள்.

"அண்ணா, கடையில ஒரே கணக்கு போட்டது எண்டு இருக்கு. கணக்கு நிரம்பினது எண்டு இருக்கு. என்னை அழிக்கச் சொன்னது ஆரெண்டு இதில இல்லையே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நிரப்பாமல் விட்ட கட்டத்தைக் காட்டுவது போலத்தான் சொன்னாள்.

"அவை கேப்பினம்தானே, ஆதாரம் கேட்ட பிறகு ஏன் அழிச்சனீ எண்டு. நானே வேணுமெண்டு அழிச்சது மாதிரி இருக்கும். நீங்க எழுதினதை மூண்டு தரம் வாசிச்சுப்போட்டுத்தான் ரீசெட்டை அமத்தினனான்."

பதினான்கு வருடத்தில் யாரும் என் வேலையில் இப்படிப் பிழை பிடித்ததில்லை. கடிதத்தில் பொய் ஒன்றும் இல்லை. என்னை மட்டும் காணவில்லை.

எங்கள் வீட்டில் கையெழுத்து என்றாலே பயம். அடையாள அட்டை இலக்கத்தை எங்கேயும் சும்மா எழுதிக் கொடுக்காதே, அது ஒருநாள் உன்னைத் தேடி வரும் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். வேறொரு நாட்டு அரசாங்கத்துக்குப் போகிற தாளில், பிழை என்னுடையது என்று எழுத வேண்டும். வேலையிடத்துக்குத் தெரிந்தால்? கூப்பிட்டு விசாரித்தால்? அவளுடைய பேனையை வாங்கினேன். ரீசெட் செய்யச் சொன்னது நான்தான், பேக்கப் இருக்கிறதா என்று கேட்காமலே சொன்னேன், அவள் நம்பிச் செய்தாள் என்று கடைசியில் கையால் எழுதினேன். கீழே பெயர், அடையாள அட்டை இலக்கம், வேலை செய்யும் இடம். எழுத்து என்னுடையது போலவே இல்லை.

போனில் ஒரு படம் எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் அண்ணா," என்றாள். "பேப்பராவே இருக்கட்டும்." மடிக்காமல் பைலுக்குள் வைத்து, அதை நெஞ்சோடு பிடித்தபடி பஸ் ஏறினாள்.

அன்றே குழுவில் நான் எழுதியிருந்ததைத் திருத்தினேன். முதலில் உங்கள் கணக்கை யார் திறந்தது என்று பாருங்கள், பேக்கப்பைக் கண்ணால் காணும்வரை ரீசெட் செய்யாதீர்கள் என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அதற்குக் கீழே முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். "இது தவறான கருத்து," என்று தொடங்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட்டிருந்தார். வீணாக மக்களைப் பயமுறுத்துகிறேனாம். அவருக்கு நல்ல லைக்.

நான் இன்னும் பதில் எழுதவில்லை. காலையில் எழும்பினால், விசாப் பதில் வந்துவிட்டதா என்று முதலில் தேடுவது அந்த ரோசாப்பூவைத்தான். சில நாள் அவளே முந்திக்கொண்டு எழுதியிருப்பாள்.

"இன்னும் ஒண்டும் வரேல்லை அண்ணா."