பழுப்பாகிப் போன ஓலை மஞ்சள்

தென்னை விவசாயிகளுக்கான ஒரு சிறு புத்தகம் அது. இருபத்து நாலு பக்கம். பாதிக்கு மேல் ஓலைகளின் போட்டோ. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் கம்ப்யூட்டரில் பக்கங்களை அமைத்து, பி.டி.எஃப். ஆக்கி, ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள ஒரு ஆப்செட் பிரஸ்ஸுக்கு அனுப்புவது என் தொழில். பத்து வருஷத்துக்கு மேலாகச் செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை விழா நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று எத்தனையோ பார்த்தாயிற்று. நிறம் கொஞ்சம் முன்னே பின்னே வந்தால் யாரும் கேட்டதில்லை. நானும் பெரிதாக நினைத்ததில்லை.

இந்த வேலையைக் கொண்டுவந்தவர் தேவதானம் என்ற ஊர்க்காரர். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து தோப்பு பார்ப்பவர். அங்குள்ள உழவர் குழுவுக்குத் தலைவர். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். போட்டோக்களை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து, என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு படத்தைத் திறந்ததும் திரையை விரலால் தொட்டுக் காட்டினார். அடி ஓலை ஒன்று, ஓரத்தில் ஆரஞ்சு கலந்த மஞ்சள், நடு ஈர்க்கை ஒட்டி மட்டும் பச்சை.

"இந்த மஞ்சள் மட்டும் மாறக் கூடாதும்மா."

"நல்லா வரும் அண்ணாச்சி."

"நல்லா வர வேண்டாம். இருக்கிற மாதிரி வரணும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் தோப்பில் ஓலைகள் மஞ்சளானபோது, எங்கோ அச்சடித்த ஒரு காகிதத்தில் இருந்த படத்தைப் பார்த்து அதை வாடல் நோய் என்று முடிவு செய்துவிட்டார். மற்ற மரங்களுக்குப் பரவிவிடும் என்று பயந்து பதினாலு மரத்தை வெட்டினார். பிறகு வந்து பார்த்த வேளாண்மை அதிகாரி, மிச்சமிருந்த ஓலைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது வெறும் சத்துக் குறைவு, உரம் வைத்திருந்தால் தேறியிருக்கும் என்றாராம்.

"நானே பக்கத்துல நின்னு வெட்டச் சொன்னேன். அம்புட்டும் காய்ச்ச மரம்."

சத்துக் குறைவு மஞ்சளும் நோய் மஞ்சளும் எதிரெதிர்ப் பக்கங்களில் வர வேண்டும், பார்த்தவுடன் வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. நான் மெனக்கெட்டேன். ஒவ்வொரு படத்தையும் அச்சு மைகள் நான்குக்கும் மாற்றினேன். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. மஞ்சளில் நீல மை ஒரு துளி கூடினாலும் அது பச்சையாகவோ அழுக்காகவோ போய்விடும். அதனால் அந்த ஓரங்களில் நீலத்தைக் கையாலேயே குறைத்து, அண்ணாச்சி கொண்டுவந்த நிஜ ஓலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டுச் சரி செய்தேன். அதற்கே மூன்று நாள் ஆனது. பிறகு பக்கங்களில் படங்களை வைத்து, பி.டி.எஃப். எடுத்து, பிரஸ்ஸுக்கு அனுப்பினேன்.

இரண்டு நாளில் மாதிரிப் பிரதி வந்தது. அண்ணாச்சியும் வந்திருந்தார். உறையைப் பிரித்து ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினேன். மஞ்சள் இல்லை. காய்ந்த சேறு மாதிரி ஒரு பழுப்பு. எதிர்ப்பக்கத்து நோய் ஓலையும் அதே பழுப்பு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருந்தும் எது எது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அண்ணாச்சி புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"அன்னைக்கு என் கையில இருந்த காகிதமும் இப்பிடித்தாம்மா இருந்துச்சு" என்றார்.

"இதை இப்படியே விட மாட்டேன் அண்ணாச்சி. எனக்கு ஒரு வாரம் குடுங்க" என்றேன்.

மறுநாள் காலை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பிரஸ்ஸை நடத்துவது ஒரு அக்கா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். காகிதம் எண்ணும்போது மட்டும் பிரஸ்ஸிலும் தெலுங்கு வந்துவிடும். மை கலந்ததில்தான் கோளாறு என்று நான் முடிவோடு போயிருந்தேன். அக்காவோ என் பைலில்தான் கோளாறு என்று முடிவோடு இருந்தார்.

"அக்கா, என் ஸ்கிரீன்ல மஞ்சள் பளிச்சுனு இருக்கு."

"உன் ஸ்கிரீனையா நான் அச்சடிக்கேன்? இங்க உக்காரு. நீ அனுப்பினதையே திறந்து பாரு."

திறந்தேன். ஐந்தாம் பக்கம் அங்கேயும் பழுப்புத்தான். வீட்டில் நான் பக்கம் அமைத்த பைலைத்தான் பார்த்திருந்தேன், பி.டி.எஃப்.பைத் திறந்து பார்க்கவில்லை. அக்கா நிறங்களின் அளவு காட்டும் வசதியைத் திறந்து, ஓலையின் ஓரத்தில் கர்சரை வைத்தார். நான் கையால் குறைத்து வைத்த நீல மை, பழையபடி ஏறி நின்றது. கூடவே கொஞ்சம் கறுப்பும். மை, பிளேட், மெஷின் எதுவும் அதைத் தொடுவதற்கு முன்பே, பி.டி.எஃப்.பிலேயே நிறம் கெட்டிருந்தது. அதாவது என் வீட்டு மாடி அறையில்.

எழுந்தேன். "டீ குடிச்சிட்டுப் போ" என்றார் அக்கா. குடிக்காமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பி.டி.எஃப். ஆக்குகிற எக்ஸ்போர்ட் அமைப்புகளை மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் மஞ்சள் இன்னும் மங்கியது, ஒன்றில் எல்லாமே சிவந்தது. சாயங்காலத்துக்குள் ஏழெட்டு பி.டி.எஃப். சேர்ந்து, எது எந்த அமைப்பு என்பதே குழம்பிவிட்டது. அப்போதுதான் எனக்கே என் மேல் கோபம் வந்தது. குருட்டாம்போக்கில் மாற்றிக்கொண்டிருந்தால் தற்செயலாகச் சரியானாலும் ஏன் சரியானது என்று தெரியாது. எல்லாவற்றையும் அழித்தேன். ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு பக்கமாக பி.டி.எஃப்.பில் மை அளவைப் பார்த்து எழுதினேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. எல்லாப் பக்கமும் கெடவில்லை. நாலும் ஐந்தும், பத்தும் பதினொன்றும், பதினாறும் பதினேழும் கெட்டிருந்தன. மற்ற பக்கங்களில் நான் வைத்த அளவு அப்படியே இருந்தது. அதுமட்டுமில்லை, கெட்ட பக்கங்களில் எழுத்துகளும் கெட்டிருந்தன. வெறும் கறுப்பு மையில் வர வேண்டிய எழுத்து, நாலு மையும் கலந்த ஒரு கறுப்பாக மாறியிருந்தது. மாதிரிப் பிரதியை எடுத்து உற்றுப் பார்த்தேன். ஆமாம், அந்தப் பக்கங்களில் எழுத்தின் ஓரம் லேசாகப் பிசிறடித்தது. ஓலையையே பார்த்துக்கொண்டிருந்ததில் எழுத்தை நான் கவனிக்கவே இல்லை.

அப்படியானால் படத்தில் குற்றமில்லை. பக்கத்தில்தான் ஏதோ இருக்கிறது. அந்த மஞ்சள் ஓலைப் படத்தை ஏழாம் பக்கத்தில் வைத்து எடுத்தேன். மஞ்சளாக வந்தது. திரும்ப ஐந்தில் வைத்தேன். பழுப்பு.

இனி விடுவதாக இல்லை. ஐந்தாம் பக்கத்தையும் அதன் எதிர்ப்பக்கத்தையும் மட்டும் தனி பைலாக எடுத்து, ஒவ்வொரு பொருளாக நீக்கினேன். தலைப்பை எடுத்தேன், பழுப்பு. உர அளவு அட்டவணையை எடுத்தேன், பழுப்பு. படத்தின் கீழிருந்த குறிப்பை எடுத்தேன், அப்போதும் பழுப்பு. மிச்சமிருந்தது, பக்க மூலையில் இருந்த உழவர் குழுவின் சின்னம். பிரிவுகள் தொடங்குகிற இடத்தில் மட்டும் அழகுக்காக வைத்து, அதன் பின்னால் மெல்லிய நிழல் ஒன்று விழுகிற மாதிரி செய்திருந்தேன். நிழலை மட்டும் எடுத்துவிட்டு எக்ஸ்போர்ட் கொடுத்தேன்.

மஞ்சள் வந்துவிட்டது.

நிழலை மறுபடி போட்டேன். போய்விட்டது. எடுத்தேன். வந்தது. மூன்று தடவை செய்து பார்த்தேன். கீழே சமையலறையில் இருந்த அம்மா, "ஏட்டி, என்ன தனியா சிரிக்கே?" என்று குரல் கொடுத்தாள்.

காரணத்தைத் தேடிப் பிடிக்க இன்னொரு நாள் ஆனது. நிழல் மாதிரி ஊடே தெரிகிற எதையாவது ஒரு பக்கத்தில் வைத்தால், சாப்ட்வேர் அந்தப் பக்கத்தையும் எதிர்ப்பக்கத்தையும் மொத்தமாகக் கலந்து கணக்குப் போடும். அந்தக் கலப்பை எந்த நிற முறையில் செய்வது என்று ஒரு மெனுவுக்குள் ஒரு தேர்வு இருக்கிறது. என் பைலில் அது அச்சு மை முறையில் இல்லை, திரைக்கான ஒளி முறையில் இருந்தது. அதனால் நான் மைக்கு மாற்றி வைத்த நிறங்கள் எல்லாம் ஒளிக்குப் போய், மறுபடி மைக்குத் திரும்பின. போய் வந்ததில் நான் செய்த கைவேலை அத்தனையும் அழிந்தது.

அந்தத் தேர்வு எப்படி அங்கே வந்தது? யோசித்ததும் தெரிந்துவிட்டது. முன்பு வாட்ஸப்பில் அனுப்புவதற்காகச் செய்த ஒரு விளம்பரப் பைலைத் திறந்து, உள்ளே இருந்ததை அழித்துவிட்டு, அதிலேயே இந்தப் புத்தகத்தைத் தொடங்கியிருந்தேன். புது பைல் திறக்கச் சோம்பல். மூன்று நாள் ஓலையைப் பிடித்து நின்ற நான், முதல் நிமிஷத்தில் சோம்பியிருக்கிறேன்.

தேர்வை மாற்றினேன். நிழலை இருந்த இடத்திலேயே வைத்து, இருபத்து நாலு பக்கத்தையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் மை அளவைச் சரிபார்த்த பிறகே பிரஸ்ஸுக்குக் கொண்டுபோனேன். அனுப்பவில்லை, நானே கொண்டுபோனேன். அக்காவிடம், "தப்பு என்னோடதுதான். கண்டுபிடிச்சிட்டேன்" என்றேன். என்னவென்று சொல்லச் சொல்லி, தன் கம்ப்யூட்டரில் அந்த மெனுவைத் திறக்க வைத்துப் பார்த்துக்கொண்டார். "உன்னை மட்டும் சொல்ல முடியாது. இந்த மாதிரி வந்த பைலை எல்லாம் நானும் மையைக் கூட்டிக் குறைச்சுல்ல சமாளிச்சிருக்கேன்" என்றார்.

புது மாதிரிப் பிரதியில் மஞ்சள் மஞ்சளாக இருந்தது. ஆனால் எட்டாம் பக்கத்தில் இளங்குருத்தின் பச்சை, திரையில் இருந்த அளவுக்கு வரவில்லை. அந்தப் பச்சை அச்சு மைக்கு எட்டாது. என்ன செய்தாலும் கொஞ்சம் மங்கித்தான் வரும். அதை மறைக்காமல் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் வாசலுக்குப் போய் வெயிலில் விரித்துப் பார்த்தார். நாலாம் பக்கம், ஐந்தாம் பக்கம், திரும்ப நாலு. பிறகு எட்டு.

"குருத்து பச்சைன்னு யாருக்கும் படம் போட்டுச் சொல்ல வேண்டாம். இந்த ரெண்டு மஞ்சளும் பிரிஞ்சு தெரியுது பாருங்க, அது போதும். அடிக்கச் சொல்லுங்கம்மா."

அச்சான அன்று நானும் போய் மெஷின் பக்கத்தில் நின்றேன். இருநூறு தாளுக்கு ஒன்றை உருவி வெளிச்சத்தில் பார்த்தேன். அக்கா ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டார்.

பத்து நாள் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. செட்டியார்பட்டியிலிருந்து யாரோ கொடுத்த காலண்டர் வேலையாம், முகங்கள் எல்லாம் பச்சை பாய்ந்து வருகிறதாம், பைலில் நிழல் எதுவுமே இல்லையாம்.

"செத்த நேரம் வந்து பாத்துட்டுப் போயேன்" என்றார்.

"மையைத் தொடாதீங்க அக்கா. இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்துப் பையில் வைத்தேன்.