பொறுப்பு என்ற பெட்டி

“…கை வைச்சது நீங்கள், கிடக்கிறது என்ர பேர். அப்ப அந்தப் பெட்டிக்குள்ள என்னை என்னத்துக்கு அண்ணை எழுதச் சொன்னனீங்கள்?”

வெள்ளவத்தையில் நான் நடத்தும் அச்சகத்தில் பக்கம் அமைப்பவர் இதைக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து ஒன்பது வருடமாக என்னோடு வேலை செய்பவர். தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஆட்கள் சொல்லும் நல்ல கதைகளைச் சின்னக் கொப்பி ஒன்றில் குறித்து வைப்பது என் பழக்கம். பள்ளிக்கூடத்தில் படிக்காததை எல்லாம் அப்படித்தான் படித்தேன். இந்தக் கேள்வியை மட்டும் குறிக்கவில்லை. குறிக்காமலே மனதில் கிடக்கிறது.

எனக்கு ஒரு சொல் இருந்தது: “ஒருக்கா பாப்பம்.” அழைப்பிதழோ விசிட்டிங் காட்டோ, எதுவானாலும் மெஷினுக்குப் போக முன்னம் நான் ஒருக்கா பார்க்கவேண்டும். என் ஒருக்கா என்பது நாலு தரம். எனக்குப் பின்னால் ‘ஒருக்கா அண்ணை’ என்று சொல்வார்கள் என்பதும் தெரியும். அது பாசம் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன். ஒருநாள் கிருலப்பனையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய் மூன்று மணித்தியாலம் கழித்து வந்தால், மெஷின் நிற்கிறது, எல்லாரும் தேத்தண்ணி குடிக்கிறார்கள். “நீங்கள் பாக்கேல்லையே அண்ணை,” என்றார் மெஷின்காரர், கோப்பையை வைக்காமலே.

அன்றைக்குத்தான் தங்கச்சியிடம் சொன்னேன்: “இனிக் கல்வெட்டு வேலை முழுக்க உங்கட பொறுப்பு. நான் எட்டியும் பாக்கமாட்டன்.” கல்வெட்டு என்றால், இறந்தவரின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு எங்கள் ஆட்கள் அடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். ஒரு எழுத்துப் பிசகினாலும் சொந்தத்துக்குள் முகம் சுழியும். எங்கள் வேலைச் சீட்டில் ‘பொறுப்பு’ என்று ஒரு பெட்டி உண்டு. அதுவரை அதில் என் பெயர்தான் இருந்தது. அவர் நீலப் பேனையால் தன் பெயரை எழுதினார். அழுத்தி எழுதியதில் அடுத்த தாளிலும் பதிந்திருந்தது.

மூன்றாவது கல்வெட்டில் நான் சறுக்கினேன். அன்று செவ்வாய்க்கிழமை, அவர் மத்தியானம் கோயிலுக்குப் போயிருந்தார். கம்பியூட்டரில் பக்கம் திறந்தே கிடந்தது. ஒருக்கா பார்த்தேன். இறந்த பெரியவரின் சகோதரர்கள் வரிசையாக இருந்தார்கள்: ‘காலஞ்சென்றவர்களான’ என்று தொடங்கி, அண்ணர், தம்பி, பிறகு ‘மற்றும்’ போட்டு அக்கா. அக்காவைக் கொண்டுபோய்த் தம்பிக்குப் பின்னால் போடுவதா? வயது வரிசைப்படி அவரைத் தூக்கி இருவருக்கும் நடுவில் வைத்தேன். வேலையில்லாமல் நின்ற ‘மற்றும்’ஐயும் எடுத்துவிட்டேன். தங்கச்சி வந்ததும் சொல்லவில்லை. சொன்னால் பார்த்தது தெரிந்துவிடுமே. அவர் சரிபார்த்து முடித்திருந்த பக்கம், பின்னேரமே அச்சுக்குப் போனது.

அந்த அக்கா உயிரோடு இருந்தார். ‘மற்றும்’ என்ற ஒரு சொல்தான் அவரைச் செத்தவர்களிடமிருந்து பிரித்து வைத்திருந்தது.

சடங்குக்கு மறுநாள் அந்த அக்காவே, பெரியவரின் மகனைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தோடு கடைக்கு வந்தார்.

“தம்பி, நான் எப்ப செத்தனான் எண்டு இதில போடேல்லையே,” என்றார். “நேற்று வடை சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்கதான் எனக்கே தெரியும். ஆரோ போனில அனுப்பின இந்தப் பக்கத்தின்ர படத்தைப் பாத்திட்டுக் கனடாவில இருந்து ரெண்டு பேர் அழுதுகொண்டு போன் எடுத்தவை. ஒருத்திக்கு நான்தான் ஆறுதல் சொன்னனான்.”

சொல்லிச் சிரித்தார். புத்தகத்தை என் மேசையில் விரித்து வைத்தார். மகன் சிரிக்கவில்லை. “ஆர் செய்த வேலை இது?” என்று என்னைக் கேட்டார்.

நான் வாய் திறக்கவேண்டிய இடம் அதுதான். நானோ வேலைச் சீட்டைத் தேடி எடுத்தேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கி வாசித்தார். “பொறுப்பு எண்டு இவவின்ர பேரெல்லே கிடக்கு.”

தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “பிழைதான் அம்மா. திருத்தி அடிச்சுத் தாறம்,” என்றார். “இப்பிடியான ஆக்களை வைச்சு என்னெண்டு வேலை செய்யிறீங்கள்?” என்று மகன் கேட்டபோது நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் இன்னும் என் கழுத்திலேயே இருக்கிறது.

அவர்கள் போன பிறகுதான் தங்கச்சி அந்தக் கேள்வியைக் கேட்டார். கூடவே தன் மேசை லாச்சியிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் கை வைப்பதற்கு முந்தைய பக்கம். ‘மற்றும்’ஐச் சுற்றி வட்டம், பக்கத்தில் அவர் கையெழுத்தில், ‘அக்கா இருக்கிறா. வீட்டில கேட்டது.’ நானும் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பார்த்தவனுக்குக் கேட்க ஏது வாய்?

தங்கச்சி அங்கே நிற்கையிலேயே அந்த மகனுக்குப் போன் எடுத்தேன். “மாத்தினது நான், தம்பி. அவ சரியாத்தான் செய்தவ. உங்கட முன்னால சொல்லாமல் விட்டது அதைவிடப் பெரிய பிழை.”

“அதை அந்தப் பிள்ளை நிக்கேக்க சொல்லியிருக்கலாமே,” என்றுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

தங்கச்சியிடமும் மன்னிப்புக் கேட்டேன். “சரி அண்ணை,” என்றார். மன்னித்த சரியா, வேலையைப் பார்ப்போம் என்ற சரியா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

திருத்திய புத்தகத்துக்குப் புதுச் சீட்டு எழுதவேண்டும். பொறுப்புப் பெட்டியை வெறுமையாக விட்டு, சீட்டை அவர் பக்கம் தள்ளினேன். “உங்களுக்கு விருப்பமெண்டால்,” என்றேன்.

மேசையில் நீலப் பேனை கிடந்தது. அவர் அதை ஒதுக்கிவிட்டு, லாச்சிக்குள் ஒரு பென்சிலைத் தேடி எடுத்து, தன் பெயரை எழுதினார்.