நடுவில் அறுத்த கதிர்

என் மச்சினன் விஜயசங்கருக்கு நாற்பது வயது ஆகப்போகிறது. ஆனாலும் மேலகரத்தில் யாரைக் கேட்டாலும் அவன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அவன் வேளாண் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி உதவியாளன். ஒப்பந்த வேலை. திட்டம் நடக்கும்வரை சம்பளம், முடிந்தால் வீடு. இதை விளக்கிச் சொன்னால் கேட்கிறவர்கள் கொட்டாவி விடுவார்கள். பெண் பார்க்கப் போன இடங்களில் மட்டும் கடைசிவரை கவனமாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

எனக்குப் பாவூர்சத்திரத்தில் காய்கறி கமிஷன் கடை. ஆராய்ச்சி என்றாலே எனக்கு ஆகாது. நாளைக்கு வெண்டைக்காய் என்ன விலை போகும் என்று சொல்லத் தெரியாத ஆராய்ச்சி எதற்கு என்று அவன் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு தோசை வாங்கிக்கொள்வான். கோபமே வராத பிள்ளை. அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

அவனுடைய ஆராய்ச்சி நெல்லுக்கு வரும் குலைநோய். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம். வேன் வேனாக வந்து இறங்கி அருவியில் தலையைக் கொடுக்கிறார்கள். அதே சாரல்தான் கார் பருவத்து நெல்லுக்கு எமன். வெயில் தலைகாட்டாமல் சில நாள் நசநசவென்று தூறினால் போதும், கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்து எல்லாம் பதராகிவிடும். என் மாமனார் வயல் அப்படித்தான் போனது. ஒரு வருஷம் அறுப்புக்கு ஆள் விடாமல் மாட்டை விட்டு மேய்த்தார். மறுவருஷம் வயலையே விற்றுவிட்டார். அங்கே இப்போது சீசனுக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போது விஜயசங்கர் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவன் எதற்காக இந்தப் படிப்புக்குப் போனான் என்று நான் கேட்டதே இல்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

பல வருஷம் ஒட்டுச்சேர்த்து, கழித்து, மறுபடி விதைத்து, கடைசியில் ஒரு நெல் தேறியது. அதற்குப் பெயர் கிடையாது, நாற்பத்தேழு என்ற எண் மட்டும்தான். அரசு வெளியிட்டால்தான் பெயர் வைப்பார்களாம். அதற்கு முன்னால் விவசாயி வயலில் நடக்கும் சோதனையில், ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள ரகத்தைவிட அது கூடுதலாக விளைந்து காட்ட வேண்டும். போன வருஷக் கார் போகத்தில் நடந்ததுதான் கடைசிச் சோதனை. அத்தோடு திட்டமும் முடிகிறது. ஜெயித்தால் நெல் அடுத்த கட்டத்துக்குப் போகும். தோற்றால் எண்ணோடு விதை சேமிக்கும் குளிர் அறைக்குள் போய்விடும், இவன் வீட்டுக்கு வந்துவிடுவான்.

மேலகரத்து நயினார் அண்ணாச்சி தன் வயலை அதற்குக் கொடுத்தார். வயலைச் சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரித்து, பாத்திக்கு ஒரு ரகமாக நட்டார்கள். நாற்றுப் பிடுங்கியது முதல் நீர் பாய்ச்சியதுவரை அண்ணாச்சியின் மனைவி பார்வதியம்மாள்தான் கூடவே நின்றாள். அந்த வீட்டில் பிள்ளை இல்லை. வயலுக்கு வரும் விஜயசங்கருக்கு அவள் தினமும் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள். அவன் வேண்டாம் என்றால் அவளுக்குக் கோபம் வரும்.

ஆடியில் சாரல் பிடித்தது. பக்கத்துப் பாத்திகளில் கதிர் கழுத்தொடிந்து தொங்கியபோது, நாற்பத்தேழு மட்டும் பச்சை மாறாமல் நின்று பால் பிடித்து முற்றியது. அன்று என் வீட்டுக்கு வந்தவன் தோசை சாப்பிடவில்லை. அக்காவிடம் பேசிக்கொண்டே இருந்தான். அவன் அத்தனை பேச்சு பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

அறுப்பன்று கடையை ஆளிடம் விட்டுவிட்டு நானும் போனேன். சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டேன். அந்த அறுப்புக்கு ஒரு முறை உண்டு. ஓரத்துப் பயிருக்குக் காற்றும் வெளிச்சமும் கூடுதல் என்பதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓரத்தை முதலில் அறுத்து ஒதுக்கிவிட்டு, நடுவில் உள்ளதை மட்டும் தனியாக அடித்து எடை போடுவார்கள். திட்டத்தை நடத்தும் பேராசிரியை தராசுக்குப் பக்கத்தில் நின்றார். விஜயசங்கர் ஒவ்வொரு எடையாகச் சொன்னான். நாற்பத்தேழு பழைய ரகத்தைத் தாண்டவில்லை, கொஞ்சம் கீழே நின்றது. சாக்கை இறக்கி மறுபடி வைத்துப் பார்த்தான். அதே எடைதான். நோயடித்த வயலில் நிமிர்ந்து நின்ற நெல் எப்படிக் குறையும் என்று எனக்கே விளங்கவில்லை.

அப்போதுதான் பார்வதியம்மாள் மஞ்சள் துணி சுற்றிய ஒரு பெரிய கதிர்க்கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"தம்பி, இது ஒனக்கு. நேத்து வெள்ளிக்கெழமைல்லா, மொதக் கதிரு அறுத்துட்டேன். ஒரு கட்டு அம்மனுக்கு வச்சாச்சு, ஒண்ணு எங்க வாசலுக்கு, இது ஒன் வீட்டு வாசல்ல கட்டணும். எல்லாம் ஒன் நெல்லுதான். ஓரத்துல நாயி போகுது, ஆளு மிதிக்கான், அது சாமிக்கு ஆகாது. நடுவுல எறங்கி அங்கங்க நல்ல கதிரா பாத்து அறுத்தேன்."

ஓரத்தில் எவ்வளவு அறுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. சாமிக்குச் சுத்தமானது வேண்டும் என்று அவள் நடுவில் இறங்கிவிட்டாள்.

விஜயசங்கர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "சந்தோசம் மதினி" என்றான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவள் போன பிறகு அந்தக் கட்டை என்னிடம் கொடுத்தான். இத்தனை வருஷம் கையால் எடை பார்த்துப் பிழைக்கிறவன் நான், தூக்கியதுமே தெரிந்துவிட்டது. வைக்கோலைக் கழித்தாலும், தராசில் குறைந்த நெல் அத்தனையும் இதுபோன்ற அந்த மூன்று கட்டில் இருந்தது.

அவன் பேராசிரியையிடம் போய் நடந்ததைச் சொன்னான். அவர் நல்ல மனுஷி. எடை எழுதிய நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, எடை போடாத நெல்லை எப்படி எழுதுவது, இன்னொரு போகம் நடத்தத் திட்டமும் இல்லையே என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. அண்ணாச்சி வீட்டுக்குப் போய் நாலு வார்த்தை கேட்காமல் வரமாட்டேன் என்று கிளம்பினேன். விஜயசங்கர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினான். அவன் என்மேல் கை வைத்தது அந்த ஒரு தடவைதான்.

"வேண்டாம் அத்தான். தெரிஞ்சா இனி அவங்க ஒரு கதிரத் தொடவே பயப்படுவாங்க. எங்க அப்பா அப்படித்தான் வயலப் பாக்கவே பயந்து வித்தாரு."

அதற்குமேல் என்னால் அவனைத் திட்ட முடியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அழுதது நான்தான்.

இப்போது அவன் ஓசூரில் ஒரு விதைக் கம்பெனியில் விற்பனையில் இருக்கிறான். நிரந்தர வேலை. பெண் வீட்டார் இரண்டு இடத்திலிருந்து தாங்களாகவே பேசிவிட்டார்கள். அவன்தான் பதில் சொல்லவில்லை. அந்தக் கதிரை என் மனைவி எங்கள் வாசலில் கட்டினாள். குருவிகள் தின்று தீர்த்துவிட்டன, வைக்கோல் மட்டும் தொங்குகிறது.

போன வாரம் பார்வதியம்மாள் கத்திரிக்காய் மூட்டையோடு கடைக்கு வந்தாள். கணக்கு முடித்து டீ வாங்கிக் கொடுத்தேன். தம்பி நெல்லுக்குப் பேர் வைத்தாச்சா என்று கேட்டாள். இன்னும் இல்லை மதினி, சர்க்கார் காரியம் மெதுவாகத்தான் நடக்கும் என்றேன். வாயைத் திறந்தால் யாரையும் விடாதவன் நான். அவளிடம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு பொய் சொன்னேன்.

"நடக்கும். இந்த வருசமும் மொதக் கதிர அம்மனுக்கு அவன் பேரச் சொல்லித்தான் வச்சிருக்கேன்" என்றாள். "நடுவுல எறங்கித்தான் அறுத்தேன்."