எனக்கு எதிராக ஒரு கோஷம்

அறுபதுகளின் கடைசியில் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தேன். செங்கொடிச் சங்கத்தில் எங்கள் கிளைக்கு நான்தான் செயலாளர். படித்த கோட்பாடு கொஞ்சம்தான், குரல் பெரிது. ஊர்வலத்தில் நான் கோஷம் கொடுத்தால் இரண்டு தெரு தள்ளித் தறி ஓட்டுகிறவர்களும் எட்டிப் பார்ப்பார்கள் என்று சங்கத் தலைவர் சொல்வார். அதை அடக்கத்தோடு மறுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கல்யாணமான மூன்றாம் வருஷம் மாமனார் இரண்டு பழைய தையல் மெஷின்களை வாங்கிக் கொடுத்தார். வீட்டை ஒட்டி ஓலைக் கொட்டகை போட்டேன். என்னோடு பல வருஷம் பக்கத்து மெஷினில் தைத்த நண்பன் வேலைக்கு வந்தான். இன்னொரு டெய்லர், துணி மடிக்க இரண்டு பெண்கள். ஆக நான்கு தொழிலாளிகள், ஒரு முதலாளி. முதலாளி என்ற சொல்லை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் வராத நாளில் நானும் உட்கார்ந்து தைப்பதால் இது கூட்டு உழைப்பு என்று சங்கத்தில் விளக்கினேன். தலைவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

சித்திரை மாதம் ஒரு ஆர்டர் நெருக்கியது. மதியச் சாப்பாட்டு நேரத்தை அரை மணியாகக் குறைத்தேன். நண்பன் மெஷினை நிறுத்தினான்.

"சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமுங்க" என்றான். முன்பெல்லாம் வா, போ என்று பேசியவன், கொட்டகைக்கு வந்ததிலிருந்து 'ங்க' போட ஆரம்பித்திருந்தான்.

"வேலை தலைக்கு மேல கெடக்குது. இப்பப் போயி சட்டம் பேசறயே" என்றேன்.

சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. எங்கள் பழைய முதலாளி இதே வார்த்தைகளை எங்களிடம் சொல்லியிருக்கிறார். அன்று எழுந்து நின்று அவருக்குப் பதில் கொடுத்தவன் நான்.

"அன்னைக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்களோ, அதையே என் பதிலா வெச்சுக்கங்க" என்றான் நண்பன்.

மறுநாள் காலையில் நான்கு பேரும் கொட்டகைக்குள் வரவில்லை. எதிரே ரோட்டோரம் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். என் மனைவி அவர்களுக்கு மோர் எடுத்துப் போனாள். எனக்கும் ஒரு டம்ளர் கேட்டேன்.

"அவிங்க வெயில்ல உக்காந்திருக்கறாங்க. நீங்க நெழல்லதானுங்களே இருக்கறீங்க" என்று சொம்போடு போய்விட்டாள்.

பத்து மணிக்குத் தலைவர் சைக்கிளில் கொடியோடு வந்து இறங்கினார். நண்பன் கோஷம் கொடுக்க எழுந்தான். அவனுக்கு அது வராது. இழுக்க வேண்டிய இடத்தில் வெட்டினான், வெட்ட வேண்டிய இடத்தில் இருமினான். மற்றவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் பதில் சொன்னார்கள். துணி மடிக்கும் பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். இரண்டு தடவை பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது தடவை தாங்க முடியாமல் வெளியே வந்தேன்.

"'பறிக்காதே'ன்னு முதல்ல ரெண்டு தடவ சொல்லோணும். மூச்சு எடுத்துக்கிட்டு அப்புறந்தான் 'உணவு நேரத்தை'ன்னு ஆரம்பிக்கோணும்."

"ஒருக்கா சொல்லிக் காட்டுங்க" என்றான். கிண்டலாகக் கேட்கவில்லை.

சொல்லிக் காட்டினேன். "பறிக்காதே, பறிக்காதே, உணவு நேரத்தைப் பறிக்காதே!" தலைவர் உட்பட ஐந்து பேரும் ஒரே குரலாகத் திருப்பிச் சொன்னார்கள். தெருவில் கதவுகள் திறந்தன. என் கை என் கொட்டகையைப் பார்த்து உயர்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். மெதுவாகக் கீழே இறக்கினேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றி, துண்டால் நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேச்சுவார்த்தைக்கு நீங்க எந்தப் பக்கம் உக்கார்றீங்க, தோழர்?" என்று கேட்டார்.

நான் யோசிப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "ஒரு மணி நேரம் சோறு திங்கட்டுமுங்க. இதுக்கு என்னத்துக்குங்க பேச்சுவார்த்தை?"

நான்கு பேரும் உள்ளே வந்து வேலையைத் தொடங்கினார்கள். ஆர்டர் ஒரு நாள் தாமதமாகப் போனது. வாங்கியவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

கிளம்பும்போது தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "ராஜினாமாவ நீங்களே எழுதிக் குடுத்துருங்க, தோழர். நாங்களா நீக்கறது நல்லா இருக்காதுங்க."

"நான் அதே ஆளுதானுங்களே" என்றேன்.

"தெரியுமுங்க" என்றார். என் தோளைத் தட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

அன்று மத்தியானமே ராஜினாமாவை நான்கு வரியில் எழுதி, சங்கத்தில் கொடுத்துவிடும்படி நண்பனிடம் கொடுத்தேன். அவன் படித்துப் பார்த்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் சங்கத்துக்குப் போகும் நேரம் வந்தது. பழக்கத்தில் சட்டையை மாட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றேன். மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து ஒரு பையைக் கையில் கொடுத்து, "தக்காளி வாங்கியாங்க" என்றாள்.